சாகுபடியாளர் யாருங்க?

அந்த வாசம் நம்ம பையில இருந்துதானுங்க வருது. மல்லி. காலங்காத்தால எடுத்த மொக்கு, இப்பச் சாயந்தரமாச்சுங்களே, மெல்ல வாயத் தொறக்குது. உக்காருங்க அம்மிணி, எடம் தாராளமா இருக்குது. என்ற மக வயசுதான் இருக்கும் உங்களுக்கு, கூச்சப்படாம உக்காருங்க. அந்தப் பக்கம் மட்டும் சாயாதீங்க, பஸ்சுத் தகரம் நீட்டிட்டு இருக்குது, சேலையக் கிழிச்சுப்போடும்.

சத்தியமங்கலத்துக்குத்தானுங்களே போறீங்க? நல்லதாப் போச்சு, நானும் சத்திதான். கடைவீதில சென்னியப்பன் ரெடிமேட்ஸ்னு ஒரு கடை பாத்திருப்பீங்க. இல்லீங்களா? வாசல்ல ஒரு பொம்மை நிக்கும், ஒரு கை கழண்டு போன பொம்மை. ஆங், அதேதான். அந்தச் சென்னியப்பன் நாந்தானுங்க.

ஆனா என்னையக் கடைக்காரன்னு நெனச்சுப்போடாதீங்க. அடிப்படைல நான் விவசாயி. எங்க பக்கத்து மல்லிகை விவசாயிகள் சங்கத்துக்குத் துணைத்தலைவர். வர்ற வெள்ளிக்கிழமை தலைவர் தேர்தல். போட்டியே இல்லை, சென்னியப்பன்தான்னு ஒரே பேச்சு. அது நல்லபடியா முடியோணும். அதுக்குத்தான் இன்னைக்கு இந்த வெய்யில்ல புளியம்பட்டிக்கு அந்தப் பக்கம், மூணு மைல் உள்ளுக்குள்ள நடந்து போயிட்டு வர்றேன். எதுக்குன்னு கேக்கறீங்களா? கேளுங்க, சொல்றேன். நீங்களே நாயம் சொல்லுங்க.

கருக்கம்பாளையத்துல எங்கப்பன் விட்டுட்டுப் போனது ஒண்ணேகால் ஏக்கரா. பூராவும் மல்லி. ஆறுச்சாமின்னு ஒருத்தன், அவன் சம்சாரம் மயிலாத்தா, ரெண்டு பேரும் ஒம்பது வருசமா அத வாரத்துக்குப் பண்ணிட்டிருந்தாங்க. வாரம்னாத் தெரியுமில்லீங்களா? நெலம் நம்முளுது, பாடு அவுங்களுது, வர்றதுல பாதிப் பாதி. நான் எதையும் துருவிக் கேக்கறதில்லீங்க. மயிலாத்தா கொண்டாந்து குடுத்தா வாங்கி வெச்சுக்குவேன். அவ்வளவு நம்பிக்கை.

ஆறுச்சாமி பேச மாட்டான். மாட்டுக்கிட்டப் பேசுவான், மனுசங்கிட்டப் பேச மாட்டான். எல்லாப் பேச்சும் மயிலாத்தாதான். அஞ்சாவதோட நின்னவ, ஆனா எழுத்துக் கூட்டிப் படிச்சுப்போடுவா. நல்லவங்க, நான் ஒண்ணும் கொறை சொல்லலை. அவுங்களுக்குக் கேஸ் சிலிண்டர் வாங்கிக் குடுக்க ஆபீஸ் ஆபீசா அலைஞ்சவன் நாந்தான். அவ ஆதார் ஜெராக்ஸ் இன்னமும் என்ற பர்சுல இருக்குது.

செரி. கொரோனா வந்துதுங்களே. கடையச் சாத்தியாச்சு. ஊட்டுக்குள்ளயே எத்தனை நாள் உக்காந்திருக்கறது? என்ற சம்சாரத்த உங்களுக்குத் தெரியாது. ரெண்டாவது வாரத்துலயே, "நீங்க எங்கயாச்சும் போங்க, என்னால முடியலை"ன்னுட்டா. எங்க போறது? ரோட்டுல தலையக் காட்டுனா போலீசுக்காரங்க தோப்புக்கரணம் போடச் சொல்றாங்க. அப்பத்தான் எனக்கு ஒரு ரோசனை வந்துது. விவசாயிகள மட்டும் தடுக்கறதில்லை. பட்டாவ ஜெராக்ஸ் எடுத்து வண்டி முன்னால ஒட்டிட்டேன். சொன்னா நம்ப மாட்டீங்க, அந்த ரெண்டு மாசம் போன மாதிரி அதுக்கு முன்ன ஒருக்காலும் நான் தோட்டத்துக்குப் போனதே இல்லீங்க. தெனமும் போவேன். ஒரு எளநி, வேப்பமரத்தடில கட்டலப் போட்டு ஒரு தூக்கம், சாயந்தரம் ஊட்டுக்கு. விவசாயம்னா என்னன்னு அப்பத்தான் எனக்கே புரிஞ்சுது.

பூ மார்க்கெட்டு பூட்டிக் கெடக்குது. கலியாணம் இல்லை, கோயில் இல்லை, பூவ யார் வாங்குவா? அது பூக்கற மாசம் வேற. மயிலாத்தா என்ன பண்ணுவான்னா, எப்பவும் போல விடியறதுக்கு மின்னாலயே நெத்தில லைட்டக் கட்டிக்கிட்டு, புருசனும் பொண்டாட்டியுமா அத்தனை செடியும் பறிச்சு, கூடை கூடையாக் கொண்டு போயி வாய்க்கா மேட்டுல கொட்டுவாங்க. "ஏம்மிணி, விக்காத பூவ எதுக்குப் பறிக்கறே? பேசாமத் தூங்கலாமில்ல?"ன்னு கேட்டேன்.

"செடில விட்டாப் புழு விழுந்துருமுங்க மொதலாளி. அடுத்த பூ வராதுங்க"ன்னா.

கொட்டறதுக்காகப் பறிக்கறது! நாப்பது நாளுங்க அம்மிணி. அதப் பாத்துப் பாத்து எனக்கு மனசே ஆறலை. எவ்வளவு நட்டம் எனக்கு!

அப்பத்தான் நிவாரணம்னு அறிவிச்சாங்க. ஊரடங்குல பூ விக்க முடியாம நட்டப்பட்ட விவசாயிக்கு ஏக்கருக்கு இவ்வளவுன்னு. பட்டா வேணும், பேங்க் புக்கு வேணும், அப்பறம் விவசாயி நட்டமான தோட்டத்துல நிக்கற மாதிரி ஒரு போட்டோ வேணும். பட்டா யார் பேர்ல? என்ற பேர்ல. பேங்க் புக்கு? எங்கிட்ட. போட்டோதான் பாக்கி. செரின்னு வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன்.

அங்க போனா ஒரு சங்கடம். தோட்டம் நட்டமான மாதிரியே இல்லை! செடியெல்லாம் பச்சைப் பசேர்னு நிக்குது, ஒரு காஞ்ச பூ கெடையாது. இவதான் ஒண்ணு விடாமப் பறிச்சுப்போட்டாளே. பொறவு வாய்க்கா மேட்டுல கொட்டுனத அள்ளிட்டு வந்து பாத்தி பூரா எறைக்கச் சொன்னேன். எறைச்சா. நாத்தம்னா நாத்தம், ஒரு வாரத்துப் பூவு. போட்டோ எடுத்த பொறவு மறுக்கா அவளே கூட்டி அள்ளிக் கொண்டு போயிக் கொட்டுனா. வெய்யில் கண்ணக் கூசுச்சுங்களா, எனக்கு ஒரு கொடையும் புடிச்சா. "நீ போட்டோல விழுந்துராதே"ன்னேன். கைய மட்டும் நீட்டிக்கிட்டு, உடம்ப அந்தப் பக்கமா வளைச்சு நின்னா பாவம். ஆறுச்சாமிதான் என்ற போன்ல எடுத்தான். நாலு தடவை அவன் வெரலையே எடுத்து வெச்சிருந்தான்.

அந்தப் போட்டோவ ஒரு பேப்பர்க்காரர் பாத்துட்டு வாங்கிட்டுப் போனாரு. மறாநாள் வந்துருச்சுங்க. "அழுகும் மல்லிகை, அழும் விவசாயி"ன்னு பெரிய எழுத்துல. அது வேர்வைங்க, அழுகை இல்லை. ஆனா பாக்கறவங்களுக்கு அப்பிடித்தான் தெரிஞ்சுது. எங்கிருந்தெல்லாமோ போன் வந்துது. சங்கத்துல கூப்புட்டுத் துணைத்தலைவர் ஆக்கினாங்க. நாலு மாசத்துல நிவாரணமும் வந்துருச்சு.

அந்தப் பணத்த நான் வெட்டியாச் செலவு பண்ணலீங்க. தோட்டத்துக்கே போட்டேன். நல்ல இரும்புல ஒரு கேட்டு. மேல வளைவா, "சென்னியப்பன் மல்லித் தோட்டம்"னு எழுத்து வெட்டி வெச்சது. கேட்டோட பணம் தீந்துபோச்சு, அதனால வேலி போடலை. ஆடுக சுத்திட்டு வரும், மனுசங்க சுத்திட்டு வருவாங்க. நான் மட்டும் கேட்டத் தொறந்துதான் போவேன்.

கேட்டு நிறுத்துன அன்னைக்கு மயிலாத்தா வந்து நின்னா. "மொதலாளி, ஒண்ணு கேக்கோணுமுங்க"ன்னா. எனக்குத் தெரியும் என்ன கேப்பான்னு. சட்டைப் பையில ஒரு ஐநூறு ரூபாய் தனியா எடுத்தே வெச்சிருந்தேன். அவ கேட்டது அது இல்லீங்க.

"இந்த நெலத்துல நாங்க வாரத்துக்குப் பண்றோம்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. இதே மாதிரி இன்னொருக்கா ஏதாச்சும் வந்தா, ஆபீசுல எங்களையும் ஒரு ஆளா எண்ணுவாங்கல்லங்க"ன்னா.

சீட்டு எழுதிக் குடுத்தா நாளைக்கு நெலமே எங்குளுதுன்னு நின்னுருவாங்கன்னு எங்க கடைக்குத் துணி எடுக்க வர்ற வக்கீல் எப்பவோ சொல்லியிருக்காரு. "ஏம்மிணி, ஒம்பது வருசத்துல ஒரு நாளாச்சும் நான் உங்கிட்டப் பேப்பர்ல எழுதிக் கேட்டிருக்கறனா? நம்ம பழக்கத்துக்கு நடுவுல பேப்பரக் கொண்டாரலாமா?"ன்னு கேட்டேன். சத்தியமா எனக்கு வருத்தமாப் போச்சு. தலையக் குனிஞ்சு நின்னா. "செரீங்க"ன்னா. அந்த ஐநூறையும் வாங்கிக்கலை.

தை மாசம் வரைக்கும் ஒண்ணும் பேசலை. கெளையக் கழிச்சுக் கவாத்துப் பண்ணி, களையெடுத்து, வாய்க்காலெல்லாம் ஒழுங்கு பண்ணிட்டு, ஒரு நாள் புருசனும் பொண்டாட்டியுமாக் கடைக்கு வந்தாங்க. மோட்டார் ரூமு சாவிய ஒரு காயிதத்துல சுத்தி மேசை மேல வெச்சாங்க. "போயிட்டு வர்றோமுங்க"ன்னா மயிலாத்தா. நானும், "செரி, போயிட்டு வாங்க"ன்னேன். ஏதோ கலியாணங் காச்சிக்குப் போறாங்க, ஒரு வாரத்துல வந்துருவாங்கன்னு நெனச்சேன். போயிட்டு வர்றோம்னா வர்றோம்னுதானுங்களே அர்த்தம்? ஒரு மாசம் கழிச்சுத்தான் சேதி தெரியுது, புளியம்பட்டிக்கு அந்தப் பக்கம் வேற ஒருத்தர் தோட்டத்துல குடியிருக்காங்கன்னு. சொல்லாமப் போயிட்டாங்கன்னு ஊரெல்லாம் சொன்னேன். அதுல ஆறுச்சாமி மேலதான் எனக்குக் கோவம். அவனாச்சும் வாயத் தொறந்திருக்கலாம்.

போனாப் போகட்டும், நம்மளே பண்ணிக்கலாம்னு எறங்குனேன். பூப் பறிக்க ஆள் சொன்னேன். அவுங்க விடியக்காலம் மூணு மணிக்கு வந்து நிக்கறாங்க. நான் எட்டு மணிக்குப் போறேன். வந்தவங்க ஆளக் காணோம்னு திரும்பிப் போயிட்டாங்க. "ஏனுங்க, எட்டு மணிக்குப் பறிச்சா என்ன, பூவு ஓடியா போயிரும்?"னு கேட்டா சிரிக்கறாங்க. நானா நாலு பேர வெச்சுப் பத்து மணிக்குப் பறிச்சுக் கொண்டு போனேன். மார்க்கெட்டுப் பூ ஏவாரி கூடைய மோந்து பாத்துட்டு, "சென்னியப்பண்ணா, இத உங்க கடை சாமி படத்துக்கே போட்டுருங்க"ன்னான். ஒரு சங்கத் துணைத்தலைவர்கிட்டப் பேசற பேச்சா அது? அப்பறம் புழு விழுந்துது. அப்பறம் ஆடு விழுந்துது. இப்ப அங்க போனீங்கன்னா கேட்டு மட்டும் நல்லா இருக்கும்.

இப்பத்தானுங்க விசயத்துக்கு வர்றேன். போன மாசம் எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுட்டான். நிவாரணம் வாங்குனவங்கள்ல பாதிப் பேர் செருப்பக் கழட்டாத விவசாயிகன்னு. ஒடனே விசாரணை. ஒரு ஆபீசரம்மா, உங்க வயசுதான் இருக்கும், நோட்டும் பேனாவுமா எங்கூருக்கு வந்துது. வழி கேட்டிருக்குது, "சென்னியப்பன் தோட்டம் எதுங்க?"ன்னு. ஒருத்தனுக்கும் தெரியலை. கடைசில ஒரு கெழவன், "ஓ, மயிலாத்தா தோட்டமா? அந்தா, வேலியில்லாம ஒரு கேட்டு நிக்குது பாருங்க"ன்னிருக்கான். இத்தனைக்கும் கேட்டுல என்ற பேரு அரையடி எழுத்துல இருக்குது!

அந்தம்மா என்னைய நிக்க வெச்சுக் கேக்குது. "தோட்டத்த யாருங்க பாத்துக்கறது?"

"நாந்தான் பாக்கறேன்"னேன்.

"பாக்கறீங்களா, பாத்துக்கறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே"ன்னேன். அது அப்பிடியே நோட்டுல எழுதிக்கிட்டுது.

"பூப் பறிக்க எத்தனை மணிக்கு வருவீங்க?"

இதுக்கு மட்டும் நான் உசாரா இருந்தேன். பட்டுத் தெரிஞ்சவன் இல்லீங்களா. "விடியக்காலம் மூணு மணிக்கு"ன்னு பட்டுனு சொன்னேன்.

"எதுக்கு அந்நேரத்துக்கு?"

அது எனக்குத் தெரியலை அம்மிணி. ஏன்னு யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கலை. "குளு குளுன்னு இருக்கும்"னேன். அந்தம்மா பேனாவ மூடிருச்சு. அப்பறம் அந்தப் போட்டோவ எடுத்து, போன்ல பெருசு பண்ணிக் காட்டுச்சு. "இந்தக் கொடையப் புடிச்சிருக்கற கை யாருதுங்க?"ன்னுது. பாத்தா, ஓரத்துல கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை, முழங்கை வரைக்கும் விழுந்திருக்குது. ஆறுச்சாமிக்கு அதக் கூடப் பாத்து எடுக்கத் தெரியலை.

கடைசில சொல்லுச்சு. "நிவாரணம் சாகுபடியாளருக்குத்தானுங்க. பட்டாதாரருக்கு இல்லை."

"சாகுபடியாளர் யாருங்க?"ன்னு கேட்டேன். உண்மையாவே தெரியாமத்தான் கேட்டேன். அந்த வார்த்தைய நான் அது வரைக்கும் கேள்விப்பட்டதே இல்லை.

"யாரு சாகுபடி பண்றாங்களோ அவுங்க"ன்னுது.

வாரத்துக்கு விட்டிருந்தா பணத்தத் திருப்பிக் கட்டோணுமாம். கட்டறது கூடப் பெருசில்லீங்க. தகுதியில்லாதவங்கன்னு பேரெழுதி ஆபீஸ் வாசல்ல ஒட்டுவாங்களாம். வெள்ளிக்கிழமை எனக்குத் தேர்தல். வியாழக்கிழமை ஒட்டறாங்க. இல்லை, நானே சாகுபடி பண்ணுனேன்னு நின்னா, ஊர்க்காரங்க யார் பேரச் சொல்றாங்களோ அவுங்ககிட்ட இருந்தே நாங்க பண்ணலைன்னு எழுதி வாங்கிட்டு வரோணும். அதுக்கு அச்சடிச்ச பாரம் ஒண்ணு குடுத்துது. ஒரே ஒரு வரிதானுங்க. இருங்க, பையில இருக்குது, படிக்கறேன். "மேற்படி நிலத்தில் நான் எந்தக் காலத்திலும் சாகுபடி செய்ததில்லை என உறுதியளிக்கிறேன்." அவ்வளவுதான். கீழ ஒரு கையெழுத்து. இதுக்கு ஒரு நிமிசம் ஆகுமுங்களா?

அதுக்குத்தான் இன்னைக்குப் போனேன். சும்மா போகலை, கடையில இருந்து ஒரு நல்ல சேலை, ஆறுச்சாமிக்கு ஒரு வேட்டி. மயிலாத்தா என்னையப் பாத்ததும், "வாங்க மொதலாளி, வாங்க"ன்னு ஓடியாந்து கட்டலப் போட்டா. மோர் குடுத்தா. அங்கயும் மல்லிதான், சும்மா சொல்லக் கூடாது, கண்ணுக்குக் குளிர்ச்சியா வெச்சிருக்காங்க. அந்த நெலத்துக்காரர் அவ பேருக்குச் சீட்டு எழுதிக் குடுத்துட்டாராம். ஏமாந்த ஆளு போலிருக்குது. சாப்புடாம விடலை. களியும் கீரையும், ஆகா, அந்தக் கை ருசி மாறவே இல்லீங்க.

சாப்புட்டுக் கை கழுவிட்டுப் பாரத்த எடுத்துக் குடுத்தேன். வெரல வெச்சு எழுத்துக் கூட்டிப் படிச்சா. மேற்படி... நிலத்தில்... நான்... அங்க வந்து நின்னுட்டா.

"எந்தக் காலத்திலும்னு போட்டிருக்குதுங்களே மொதலாளி. மழைக்காலமுங்களா?"

"எல்லாக் காலமும்தான் அம்மிணி. அது சும்மா ஆபீஸ் பாசை"ன்னேன்.

"பனிக்காலமும் சேத்துங்களா?"

"சேத்துத்தான்."

"அந்தக் கொரோனாக் காலமுமுங்களா?"

நான் பேனாவத் தொறந்து நீட்டுனேன். அவ பாரத்த எங்கிட்டயே திருப்பி நீட்டுனா. அப்பறம் சொன்னா, கோவமெல்லாம் இல்லீங்க, ஏதோ அளவு சரியில்லாத சட்டையத் திருப்பிக் குடுக்கற மாதிரிச் சொன்னா. "மொதலாளி, பணத்த நீங்களே வெச்சுக்குங்க, எங்களுக்கு அது வேண்டாம். நீங்களும் சாகுபடி பண்ணுனீங்கன்னு எழுதிக் கொண்டாங்க, கண்ண மூடிட்டுப் போடறேன். எங்கூட்டுக்காரரையும் போடச் சொல்றேன். ஆனா நான் பண்ணலைன்னு எங் கையால எப்பிடிங்க எழுதறது? ஒம்பது வருசம் நான் எங்க இருந்தேன்னு எம்பட புள்ளைக கேட்டா என்னன்னு சொல்லுவேன்?"

அப்பத்தான் அம்மிணி, நம்பினா நம்புங்க, அந்த ஆறுச்சாமி வாயத் தொறந்தான். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தவன், திரும்பிக் கூடப் பாக்காம, "அவ போட மாட்டாளுங்க"ன்னான். பத்து வருசத்துல எங்கிட்டப் பேசுன ஒரே பேச்சு அதுதான். எனக்கு அழுகையே வந்துருச்சு. எவ்வளவு செஞ்சிருக்கேன் இவுங்களுக்கு! ஒரு வரிங்க. ஒரே ஒரு வரி. சேலையையும் வேட்டியையும் வாங்கிக்கலை. கெளம்பறப்ப இந்தப் பூவக் கட்டிக் குடுத்தா, ஊட்டுல மொதலாளியம்மாவுக்குக் குடுங்கன்னு. இத மட்டும் எதுக்குக் குடுக்கோணும்? மனுசங்க மனசு எனக்குப் புரியவே மாட்டேங்குதுங்க.

அப்பறம் பஸ்ஸ்டாப்புல உக்காந்து நிதானமா ரோசிச்சுப் பாத்தேன். அவ கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லவே இல்லையே! போடறேன்னுதான் சொன்னா. கண்ண மூடிட்டுப் போடறேன்னா. என்ன, வேற ஒரு வரிக்குப் போடறேன்னா. அந்த வரி பாரத்துல இல்லை. அப்ப, அவ போடறேன்னு சொன்ன கையெழுத்த நம்ம இந்த வரிக்குக் கீழ மாத்தி வெச்சுக்கறோம். இதுல பொய் எங்க இருக்குதுங்க? நல்லா ரோசிச்சுப் பாருங்க. யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. ஆதார் ஜெராக்ஸ் எங்கிட்ட இருக்குது. அவளே பணம் வேண்டாங்கறா.

நானே போட்டிருப்பேன். ஆனா என்ற எழுத்து அந்த ஆபீசரம்மாவுக்குத் தெரியும், ஏகப்பட்ட எடத்துல போட்டுக் குடுத்திருக்கேன். பொம்பளைக கை மாதிரி வேற வராது. நீங்க ஏறி வந்தப்பவே நெனச்சேன், நல்ல குடும்பத்துப் பொண்ணாத் தெரியுது, ஒத்தாசை பண்ணும்னு. பெரிய வேலை இல்லை அம்மிணி. ம, யி, லா, த், தா, ள். ஆறே எழுத்து. எழுத்து கோணலா வந்தாலும் பரவாயில்லை, அவுளுதும் கோணல்தான், பஸ்சு ஆடறதுக்கு அது தானா செரியா வந்துரும். இந்தாங்க பேனா. பாரத்த இந்தப் பை மேல வெச்சுக்குங்க, பூவு நசுங்குனா நசுங்கிட்டுப் போகுது.

ஏனுங்க? ஏன் எந்திரிச்சுட்டீங்க? முன்னால சீட்டு ஒண்ணும் காலி இல்லீங்களே. ஏனுங்க, அம்மிணி... செரி, கம்பியவாச்சும் நல்லாப் புடிச்சுக்குங்க, வேகத்தடை வருது.